மண்ணாய்ப் போன லட்டு

கடவுள் புண்ணியத்தில் மாங்குளத்து ராஜா குலசிங்கருக்குக் குறையென்று ஒன்றுமில்லை, சர்க்கரை வியாதியைத் தவிர. அவர் ஒதுங்கிவிட்டு வந்த இடத்தில் எறும்புக் கூட்டம் திருவிழாக் கொண்டாடும்.

அரண்மனை வைத்தியர் பொன்னுரங்கப் பண்டிதர் ஆவாரம்பூக் கஷாயம் கொடுத்தார். ராஜா துப்பினார். பாகற்காய்ச் சாறு கொடுத்தார். அது பண்டிதர் முகத்துக்கே திரும்பி வந்தது.

“கசப்பு ஆகாது. பத்தியம் ஆகாது. என் தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்தாலும் உம் தலை போகும்! ஆனால் நாளை மதியம் நானாகவே லட்டு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் உம் தலை போகும்!”

பண்டிதர் நேரே மந்திரி தெய்வச்சிலையிடம் ஓடினார். “ஐயா, எந்தப் பக்கம் போனாலும் என் தலைதான் போகிறது!”

“ஒரு தலை ஒரு தடவைதானே போகும், பண்டிதரே. சிறுகுறிஞ்சான் இலை இருக்கிறதா?”

“வேலி நிறைய இருக்கிறது. ராஜா வாயைத் திறக்க வேண்டுமே!”

“வெற்றிலைக்குத் திறப்பாரே.”

ஊரெல்லாம் சாப்பிட்ட பிறகு வெற்றிலை போடும். குலசிங்கரோ வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவார். மறுநாள் தெய்வச்சிலையே மடித்துக் கொடுத்தார். உள்ளே சிறுகுறிஞ்சான் இலை, மேலே கிராம்பு. ராஜா நன்றாக மென்று, துப்பி, லட்டைக் கடித்தார். பண்டிதர் ‘முருகா’ என்று கண்ணை மூடிக்கொண்டார்.

“தூ! மண்!”

அதிரசத்தைக் கடித்தார். “இது வறட்டி! ஐயோ, நாட்டில் இனிப்பே செத்துப்போச்சு! நீங்களும் தின்று பாருங்களய்யா!”

கூட இருந்த பிரபுக்கள் ஆளுக்கொரு லட்டை வாயில் போட்டார்கள்.

“ஆமாம் மகாராஜா, சுத்த மண்!”

“களிமண்!” என்று சொல்லிக்கொண்டே இன்னொருவர் அடுத்த லட்டுக்குக் கை நீட்டினார். ஒருவர் மடியிலும் கொஞ்சம் மண் கட்டிக்கொண்டார்.

“எனக்கு லட்டே வேண்டாம்!” என்றார் ராஜா.

பண்டிதர் கண்ணைத் திறந்து கழுத்தைத் தடவிப் பார்த்தார். தலை இருந்தது.

தெய்வச்சிலை கைகூப்பி உண்மையைச் சொன்னார். “லட்டை எடுக்கக் கூடாது என்றீர்கள், எடுக்கவில்லை. உங்கள் நாக்கிலிருந்து இனிப்பை மட்டும் எடுத்தோம். சிறுகுறிஞ்சான் மென்றால் இனிப்பு தெரியாது.”

ராஜா யோசித்தார். “சரி, இலை மென்ற எனக்கு மண். மெல்லாத இவர்களுக்கு எப்படியய்யா மண்?”

“சிறுகுறிஞ்சான் வேகம் சற்று நேரத்தில் தணிந்துவிடும், மகாராஜா. இவர்கள் தின்றது உங்கள் உப்பு. அது ஆயுசுக்கும் தணியாது!”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். பண்டிதருக்கும் மந்திரிக்கும் பட்டுச் சால்வை போர்த்தச் சொல்லிவிட்டு, லட்டுத் தட்டைப் பார்த்தார். ஒரு துகள் மண்கூட மிச்சமில்லை.