சுட்டியின் நாக்கில் தைத்த முள்

நெல்லிமேட்டுக் காட்டோரத்தில் ஒரு குளம். குளத்தின் கரையில் சின்ன மாதா கோயில். கோயில் தோட்டத்தில் சுட்டி என்ற வெள்ளாடும் பொதியன் என்ற கழுதையும் இருந்தன.

சுட்டிக்கு நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு. அதனால்தான் அந்தப் பெயர். குணத்துக்கும் அது பொருந்தியே இருந்தது.

வருடம் முழுக்க இரண்டும் நல்ல சிநேகிதம். குருத்தோலை ஞாயிறு நெருங்கினால் மட்டும் சுட்டிக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். ஆண்டவர் கழுதைமேல் ஏறி ஊருக்குள் வந்ததை நினைவுகூரும் நாள் அது. அன்றைக்குப் பொதியனைக் குளிப்பாட்டுவார்கள். முதுகில் சிவப்புக் கம்பளம் போடுவார்கள். பங்குச் சாமியார் அதன் மேல் அமர்ந்து பவனி போவார். குளத்தைச் சுற்றிக் கோயிலுக்குத் திரும்பும்வரை ஊரே குருத்தோலை பிடித்துப் பின்னால் பாடிக்கொண்டு வரும்.

"எனக்குக் கொம்பு இருக்கிறது, தாடி இருக்கிறது. என்னை ஒரு வருடமாவது கூப்பிட்டார்களா?" என்று குளத்து வாத்திடம் முறையிட்டது சுட்டி.

"சாமியார் உட்கார்ந்தால் நீ தாங்குவாயா?" என்று கேட்டது வாத்து.

"தாங்குவது வேறு பேச்சு. மரியாதைக்குக் கேட்கவாவது வேண்டாமா?"

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று வாத்து தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டது.

அந்த வருடம் குருத்தோலை ஞாயிறு வந்தது. காலையில், சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் கம்பளத்தை உதறி, உட்புறம் மேலே தெரியும்படி மதில்மேல் விரித்துவிட்டுக் கோயிலுக்குள் போனார். சுட்டி சுற்றுமுற்றும் பார்த்தது. தரையில் நெருஞ்சி முள் நிறையக் கிடந்தது. நாலைந்தை வாயால் பொறுக்கிக் கம்பளத்தின் சொரசொரப்பில் செருகியது.

'சாமியார் உட்கார்ந்ததும் இவன் உதைப்பான். கோயில் வாசலிலேயே மானம் போகும். அடுத்த வருடம் யாரும் கூப்பிட மாட்டார்கள்' என்று நினைத்துச் சிரித்தது. சிரிக்கும்போதுதான் ஒரு முள் தன் நாக்கிலேயே தைத்திருப்பது தெரிந்தது. எவ்வளவோ துப்பிப் பார்த்தும் அது வரவில்லை.

உபதேசியார் வந்தார். கம்பளத்தை அப்படியே திருப்பிப் பொதியன் முதுகில் போட்டார். சாமியார் கனத்த ஆள். அவர் ஏறி அமர்ந்ததும் பொதியனின் கண்கள் அகல விரிந்தன. சுட்டி ஆவலோடு காத்திருந்தது.

பொதியன் உதைக்கவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தது.

ஓசன்னா பாட்டு எழுந்தது. பவனி தோட்டத்தைத் தாண்டிக் குளக்கரைப் பக்கம் திரும்பியது. அப்போதுதான் சுட்டிக்குத் திக்கென்றது. குளக்கரையில் ஒற்றையடிப் பாதைதான். ஒரு பக்கம் ஆழமான தண்ணீர், மறுபக்கம் பாறைச் சரிவு. இவ்வளவு நேரம் வலி பொறுத்தவன் அங்கே போய்த் துள்ளினால்? சாமியாரும் போவார், பொதியனும் போவான்.

சுட்டி அவன் மானத்தை வாங்கத்தான் நினைத்தது. உயிரை வாங்க நினைக்கவில்லை.

"அண்ணே, நில்லுங்கள்!" என்று கத்தப் பார்த்தது. நாக்கு வீங்கிவிட்டதால் பேச்சு எழவில்லை. உடனே ஓட்டமெடுத்தது. பாடுகிறவர்களின் கால்களுக்கிடையே நுழைந்து, பொதியனுக்கு முன்னால் போய்ப் பாதையில் குறுக்காக நின்றது.

உபதேசியார் குருத்தோலையால் இரண்டு போட்டார். சுட்டி அசையவில்லை. கொம்பைப் பிடித்து இழுத்தார். காலை ஊன்றிக்கொண்டு நின்றது.

"அடிக்காதீர்கள். கொஞ்சத் தூரந்தானே, நான் நடந்தே வருகிறேன்" என்று சாமியார் இறங்கிவிட்டார்.

சரிந்த கம்பளத்தை எடுத்த உபதேசியாரின் விரலில் முள் குத்தியது. "ஐயோ, மதிலில் போட்டது என் தப்பு" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அதைக் கேட்ட சுட்டிக்கு அடிபட்டதைவிட அதிகமாக வலித்தது.

நடுப்பகலில் பொதியன் சுட்டியைத் தேடி வந்தது.

"வாய் வீங்கியிருக்கிறதே. நாக்கை நீட்டு, தங்கச்சி."

சுட்டி நீட்டியது. பொதியன் தன் பெரிய பற்களால் மெதுவாகக் கவ்வி முள்ளைப் பிடுங்கியது.

"அண்ணே, கம்பளத்தில் முள் வைத்தது..."

"நீதான். கம்பளம் முழுக்க ஆட்டு வாடை."

"தெரிந்துமா உதைக்காமல் இருந்தீர்கள்?"

"முள் வைத்தது நீ. உட்கார்ந்திருந்தவர் சாமியார். அவரை எதற்குத் தள்ள வேண்டும்? அதோடு, இன்றைக்கு ஊரே யாரைப் பாடியது? தம்மை அடித்தவர்களையே மன்னித்தவரை. அவருக்காக நடக்கிற நான் நாலு முள் பொறுக்க மாட்டேனா?"

சுட்டி தலை குனிந்தது. "என்னை மன்னித்துவிடுங்கள், அண்ணே. உங்களுக்கெல்லாம் பொறாமையே வராது."

பொதியன் சிரித்தது. கழுதை சிரித்தால் சத்தம் கொஞ்சம் அதிகம்தான். குளத்தில் வாத்து துள்ளி விழுந்தது.

"எனக்கா வராது? உன்னைப் பார்த்து எத்தனை நாள் வெந்திருக்கிறேன் தெரியுமா? என்னைத் தேடுவது வருடத்தில் ஒரு நாள். உன்னைத் தினமும் தேடுகிறார்கள். கோயில் மடத்தில் வளரும் குழந்தைகளுக்கு உன் பால்தான். அவர்கள் உன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது எனக்குப் புல்லே இறங்காது."

இப்படி ஒன்று இருக்கும் என்று சுட்டி நினைத்ததே இல்லை.

"அப்புறம் என்ன செய்தீர்கள்?"

"உனக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தேன். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். ஒரு மாதம் போனபின், குழந்தைகள் உன்னிடம் ஓடி வருவதைப் பார்த்தால் எனக்கே சந்தோஷமாக இருந்தது. இப்போதும் சில நாள் பொறாமை எட்டிப் பார்க்கும். மறுபடி நன்றி சொல்வேன்."

சுட்டி கண்களை மூடியது. செய்த தப்புக்கு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டது. பிறகு, "ஆண்டவரே, பொதியன் அண்ணனுக்காக நன்றி..." என்று தொடங்கி நிறுத்தியது. ஒரு கண்ணை மட்டும் திறந்து, "மேலே என்ன சொல்வது?" என்று கேட்டது.

"என்னிடம் உனக்குப் பிடித்தது எதையாவது சொல்."

சுட்டி வெகுநேரம் யோசித்தது. "அவருடைய வால் நன்றாக ஈ ஓட்டுகிறது. அதற்காக நன்றி."

"வாலா?" என்றது பொதியன்.

"இன்றைக்கு அவ்வளவுதான் வருகிறது, அண்ணே."

"போதும். நாளைக்கு வேறு ஏதாவது வரும்."

பிள்ளைகளே, யாரைக் கண்டு பொறாமை எழுகிறதோ அவருக்காகவே ஆண்டவருக்கு நன்றி சொல்லப் பழகுகிறவரின் நெஞ்சில், பொறாமை வெகுநாள் தங்காது.