தலை இந்த நாடு, கால் அந்த நாடு

தேன்மலை நாட்டு ராஜா மகிழவர்மனுக்குச் சிரிக்கப் பிடிக்கும். அவருடைய வயதான மந்திரி கனகசபைக்கு விதி போடப் பிடிக்கும். ராஜா சிரித்துக்கொண்டே முத்திரை வைத்துவிடுவார். அப்புறம் நாடு அழும்.

தேன்மலையில் அரண்மனை வைத்தியம் எல்லாருக்கும் இலவசம். அதனால் பக்கத்து நாட்டுக் கிழவர்கள் எல்லாரும் இங்கே வந்து குவிந்துவிடுவார்கள் என்று மந்திரிக்குத் திடீரென்று ஒரு பயம். உடனே இரண்டு விதி போட்டார். நோயில்லை என்று அரண்மனை வைத்தியரிடம் சான்று வாங்காத வெளிநாட்டு முதியவர் யாரும் தேன்மலையில் கால் வைக்கக் கூடாது. அரண்மனை வைத்தியரோ தேன்மலைக் குடிகளைத் தவிர வேறு யாருடைய நாடியையும் பிடிக்கக் கூடாது.

புரிகிறதா? உள்ளே வர வைத்தியரைப் பார்க்க வேண்டும். வைத்தியரைப் பார்க்க உள்ளே வந்து குடியாக வேண்டும். மந்திரி தம் முதுகைத் தாமே தட்டிக்கொண்டார்.

இதில் மாட்டிக்கொண்டவள் சூடாமணி. ராஜாவுக்கு யோசனை சொல்லும் கெட்டிக்காரி. அவள் பிறந்தது பக்கத்து உப்பங்கரை நாட்டில். கல்யாணமாகித் தேன்மலைக்கு வந்தவள். ஒரே மகள். அங்கே அப்பா மாசிலாமணிக்கு முட்டிவலி, அம்மா வடிவுக்கு இளைப்பு.

"இங்கேயே அழைத்து வந்து வைத்துக்கொள்ளேன்" என்றார் ராஜா, விதியைச் சுத்தமாக மறந்து.

"எப்படி மகாராஜா? உப்பங்கரை மண்ணில் கால் இருக்கிறவரைக்கும்தான் அந்த நாடு மருந்து தரும். அங்கே மருந்து இருக்கிறது, மகள் இல்லை. இங்கே மகள் இருக்கிறாள், மருந்து இல்லை. எதை விடச் சொல்கிறீர்கள்?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ராஜாவுக்கும் மனசு இளகியது. மந்திரி தொண்டையைக் கனைத்தார். "ஒருவருக்குத் தளர்த்தினால், நாளைக்கு எல்லையில் ஊன்றுகோலும் கையுமாக ஊரே வந்து நிற்கும்."

"எந்த விதியையும் மீறாமல் இரண்டையும் அடைந்து காட்டினால்?" என்றாள் சூடாமணி.

"காட்டு, பார்க்கலாம். மீறினால் பதவி போய்விடும்" என்றார் மந்திரி.

"சம்மதம்."

நேரே எல்லைக்குப் போனாள். ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். முன்பு இரண்டு நாட்டாரும் எல்லை பிரித்தபோது கயிற்றை நேராகப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். நடுவில் ஒரு வீடு நிற்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. முன்வாசல் தேன்மலை, கொல்லைப்புறம் உப்பங்கரை, கூடத்தின் நடுவே எல்லைக்கோடு. அந்தக் கோட்டின் மேலேயே ஓர் அகலக் கட்டிலைப் போட்டாள். கொல்லைவழியாக வந்த அப்பாவும் அம்மாவும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அப்படியே பின்னால் சாய்ந்தார்கள். தலை தேன்மலையில். கால் உப்பங்கரைத் தரையில்.

தேன்மலைக் காவலாளி ஓடிவந்தான். "பெரியவரே, சான்று இருக்கா? இல்லாம இங்க கால் வைக்கக் கூடாது."

"நான் எங்கப்பா கால் வச்சேன்? ரெண்டும் அங்கிட்டுத் தரையில இருக்கு, போய்ப் பாரு" என்றார் மாசிலாமணி.

காவலாளி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். வாஸ்தவம்தான்.

சூடாமணி அரண்மனை வைத்தியருக்கு ஆள் அனுப்பினாள். "தேன்மலையில் தலைசாய்த்துத் தூங்குகிறவர் தேன்மலைக் குடி. இது நம் பழைய சட்டம். அப்பா குறட்டையே விட்டாயிற்று. வந்து பாருங்கள்."

மறுக்க வழியில்லை. அம்மாவின் நெஞ்சு இந்தப் பக்கம் இருந்ததால் இளைப்புக்குத் தேன்மலை வைத்தியர் கஷாயம் கொடுத்தார். அப்பாவின் முட்டிக்கு உப்பங்கரை வைத்தியர் எண்ணெய் தடவினார். நடுவில் மகள் உட்கார்ந்து இருவருக்கும் அதிரசம் ஊட்டினாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

அதிரசம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மாசிலாமணிக்கு வயிற்றுவலி. வயிறோ சரியாகக் கோட்டின் மேல்!

"வயிறு உங்களுடையது" என்றார் தேன்மலை வைத்தியர்.

"தின்றது உங்கள் நாட்டு வாய். வலி மட்டும் எங்களுக்கா?" என்றார் உப்பங்கரை வைத்தியர்.

"யாராச்சும் ஒருத்தர் சீக்கிரம் பாருங்கய்யா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டார் மாசிலாமணி. கடைசியில் ஆளுக்குப் பாதி சூரணம் கொடுத்து வலியை அடக்கினார்கள்.

சேதி கேட்டு ராஜா குதிரையேறி வந்தார். பின்னாலேயே பல்லக்கில் மந்திரி. கட்டிலைப் பார்த்ததும் ராஜா சிரிக்க ஆரம்பித்தார். மந்திரிக்கு முகம் சிவந்தது.

"கட்டிலை அந்தப் பக்கம் தள்ளுங்கள்!" என்று கத்தினார். ஒருவரும் அசையவில்லை. தாமே தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்க் கட்டிலின் காலைப் பிடித்து இழுத்தார்.

உப்பங்கரைக் காவலாளி கைகூப்பினான். "வாங்கய்யா! எங்க மண்ணுல கால் வச்சவங்க எங்க ஆளுங்க. இனிமே உங்களுக்கும் இலவச வைத்தியம்தான்."

மந்திரி பதறித் திரும்பினார். தேன்மலைக் காவலாளியின் ஈட்டி குறுக்கே வந்தது. "சான்று இருக்குங்களா?"

"மடையா, நான் மந்திரி!"

"முதியவர்னுதாங்க விதியில இருக்கு. மந்திரிக்குன்னு தனியா ஒண்ணும் இல்லீங்களே."

"வைத்தியரே! என் நாடியைப் பிடியும்!"

வைத்தியர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "தேன்மலைக் குடிகளுக்கு மட்டும்தானே, ஐயா?"

"மகாராஜா, அந்தப் பாழாய்ப்போன விதிகளை ரத்து செய்யுங்கள்!"

ராஜா சுவரைப் பிடித்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. "சூடாமணி, நீயே ஒரு வழி சொல்லம்மா" என்றார் திக்கித் திணறி.

சூடாமணி கட்டிலைத் தட்டினாள். "அப்பா, கொஞ்சம் தள்ளிப் படுங்க. மந்திரியார் தலையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டிக்கட்டும்."

அங்கேயே ராஜா வாயால் இரண்டு விதிகளும் ஒழிந்தன. சூடாமணிக்கு ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். மந்திரி ஒரே தாவாகத் தாவி இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

மாசிலாமணிக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. அசையாமல் படுத்திருந்தார். வடிவு அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரிங்க. காலையும் கூட்டிட்டு வாங்க, மக வீட்டுக்குப் போவோம்."