பதினெட்டு அங்குல ஸ்டூல்

செண்பகவல்லிக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் மரவேலை கற்றுக்கொண்ட நாகசுந்தரத்துக்கு ஐம்பத்தொன்பது. ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர்.

அவர் தனியாகச் செய்த முதல் பொருள் ஒரு பூவரச ஸ்டூல். மனைவி மங்கையர்க்கரசிக்காகச் செய்தது. அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பதினெட்டு அங்குலத்துக்குக் குறைந்த எதிலும் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஸ்டூல் முடிந்த அன்று செண்பகவல்லி அதைப் பட்டறை மெஷினின் துளி மேடுபள்ளம் இல்லாத இரும்பு மேசைமேல் வைத்தாள். நான்கு மூலைகளையும் ஒற்றை விரலால் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை.

"எடுத்துட்டுப் போங்க சார்."

வேறெதுவும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் பட்டறைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து மரத்துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். பிஸ்கட் மாதிரி இருந்தன. அவள் எண்ணினாள். பதினொன்று.

"என்ன சார் இது?"

"ஸ்டூலோட கால். சமையலறையில போட்டேன், ஆடுச்சு. நீளமா தெரிஞ்ச காலைக் கொஞ்சம் அறுத்தேன், நின்னுச்சு. மறுநாள் அவ அடுப்புப் பக்கம் நகர்த்தினா, திரும்ப ஆடுச்சு. இன்னொரு காலை அறுத்தேன். அது அதிகமாப் போயிடுச்சு. அதனால மத்த மூணையும்…"

"இப்ப உயரம்?"

"பதினாறரை."

"அக்கா எதுல உட்கார்றாங்க?"

"நின்னுக்கிட்டேதான் சமைக்கிறா. முட்டி வீங்கியிருக்கு."

அவர் துண்டுகளை வரிசையாக அடுக்கினார். பிறகு கேட்டார்.

"டீச்சர், என் வேலையில தப்பு எங்க இருக்குன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

செண்பகவல்லி எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த பதினெட்டு அங்குல ஸ்டூலைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினாள்.

"வாங்க, உங்க வீட்டுக்குப் போலாம்."

பழைய வீடு. சமையலறைத் தரையில் ஆங்காங்கே தேய்ந்த கடப்பைக் கல். மங்கையர்க்கரசி மேடையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"வாம்மா. உன் சிஷ்யர் கையில ரம்பத்தைக் குடுத்திருக்கக் கூடாது நீ. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா அது மணைப்பலகை ஆயிருக்கும்."

செண்பகவல்லி சிரித்தாள். "முதல்ல எங்க போட்டீங்க சார்?"

அவர் இடத்தைக் காட்டினார். அவள் தன் ஸ்டூலை அங்கே வைத்து ஒரு மூலையைத் தொட்டாள்.

டக் என்றது.

நாகசுந்தரம் குனிந்து நான்கு கால்களையும் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"டீச்சர், உங்களுதும் ஆடுதே!"

"ஆமா. காபி போடுவீங்களா சார்?"

போட்டுக் கொடுத்தார். அவள் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து குடித்தாள். ஒவ்வொரு வாய்க்கும் டக் என்றது. அவருக்குத் தாங்கவில்லை.

"ரம்பம் எடுத்துட்டு வரட்டுமா?"

"எதுக்கு?"

"ஆடுதே டீச்சர்."

"இது நான் செஞ்சது சார்."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். ஸ்டூலை ஒரு சாண் நகர்த்தி, லேசாகத் திருப்பி வைத்தாள். மூலையை அழுத்தினாள். சத்தமில்லை.

மங்கையர்க்கரசி வந்து உட்கார்ந்தாள். எதையும் பிடிக்காமல் எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"இதை இங்கேயே விட்டுட்டுப் போயேன் செண்பகம்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்க்கா. அதுக்குள்ள சார் ஒண்ணு செஞ்சிடுவார். பூவரசப் பலகை இன்னும் கிடக்கு."

"இவரா!"

"அவர் செஞ்சது இரும்பு மேசைமேல முதல் தடவையே நின்னுச்சு. என்னோட முதல் ஸ்டூல் அப்படி நிக்கல."

நாகசுந்தரம் காலி டம்ளரைக் கையில் எடுத்திருந்தார். அதைக் கழுவப் போகவில்லை.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேனே."

அவள் வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் பின்னாலேயே வந்தார்.

"புதுசும் அந்த இடத்துல ஆடுச்சுன்னா?"

செண்பகவல்லி வண்டியைக் கிளப்பினாள்.

"தரையைத் திட்டுங்க சார்."