ஜெயித்தவனுக்குப் பத்து

ஓரங்குளத்துக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான்.

அந்த ஊரில் ஒரு முறை கம்பிக் கூண்டுக்குள் கலப்புச் சண்டைப் போட்டி நடந்தது. குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம். ஜெயித்தவன் மாநிலப் போட்டிக்குப் போவான். உள்ளூர்ப் பையன் கார்மேகத்துக்கோ அது வாழ்வா சாவா என்கிற விஷயம். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவன். இந்த முறையும் தோற்றால் மச்சானுடைய மாவு மில்லில் உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அவனுக்கு மாவு பட்டாலே தும்மல் நிற்காது.

நடுவர்கள் மூன்று பேர்: நாட்டு வைத்தியர் தெய்வநாயகம், டிரைவிங் ஸ்கூல் ரசாக், தபால்காரர் சின்னப்பன். மாவட்ட அதிகாரி போனில் விதிகளைச் சொன்னார்.

"சுத்துக்குச் சுத்து ஜெயிச்சவனுக்குப் பத்து போடுங்க. தோத்தவனுக்கு ஒன்பது. ரொம்ப மோசமாத் தோத்தா எட்டு போடுங்க. ஆள் பார்த்துப் போடாதீங்க. சமமா வந்தா, கூண்டு யாரு கையில இருந்துச்சுன்னு பாருங்க."

மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"சுக்கு, மிளகு எல்லாம் இருக்கு, அரைச்சுப் பத்து போட்டுடலாம்" என்றார் வைத்தியர். "ஆனா அடிபட்டவனுக்குத்தானே பத்து போடுவாங்க? ஜெயிச்சவனுக்கு எதுக்கு?"

"ஜெயிச்சா தலைக்கனம் வருமில்ல?" என்றார் ரசாக். "அதுக்குத்தான். எட்டைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. முப்பது வருஷமா ஊரையே எட்டு போட வைக்கிறேன். பைக்கைக் கொண்டுவந்துடறேன்."

"ஒன்பது?" என்றார் சின்னப்பன்.

நெடுநேரம் யோசித்தார்கள்.

"ஒன்பது போட்டு யாரும் லைசென்ஸ் வாங்கினதில்லை" என்றார் ரசாக். ஒன்பது கைவிடப்பட்டது.

நடுவர் என்றால் நடுவில் இருக்க வேண்டும். ஆகவே கூண்டுக்கு நட்டநடுவில் மூன்று நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். ஆள் பார்க்கக் கூடாது என்பதால் சின்னப்பன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

முதல் சுற்றில் கார்மேகம் நாற்காலிகளைச் சுற்றிச் சுற்றி விரட்டி, எதிராளி ஸ்டீபனைத் தூக்கிப் போட்டுப் பின்னியெடுத்தான். சந்தேகமே இல்லாத வெற்றி. தண்ணீர் குடிக்க வந்தவனின் நெற்றியில் வைத்தியர் கொதிக்கக் கொதிக்கப் பத்தை அப்பினார்.

"ஐயா, எனக்கு வலியே இல்லீங்களே!"

"எப்படிப்பா இருக்கும்? நீதான் ஜெயிச்சிட்டியே."

உதடு கிழிந்த ஸ்டீபனுக்கு மருந்து கிடைக்கவில்லை. அவனை வெளியே கூட்டிப் போய் பைக்கில் ஏற்றினார் ரசாக். அவன் ரத்தம் சொட்டச் சொட்ட அழகாக எட்டு போட்டுவிட்டு வந்தான்.

இரண்டாம் சுற்றில் வியர்வையோடு மிளகும் சுக்கும் வழிந்து கார்மேகத்தின் கண்ணுக்குள் இறங்கின. அவன் கூண்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நெரித்துக்கொண்டிருந்தான். ஸ்டீபன் அவனைப் பின்னாலிருந்து ஆசைதீர மொத்தினான். இப்போது பத்து ஸ்டீபனுக்கு. எட்டு கார்மேகத்துக்கு. எரிகிற கண்ணோடு ஓட்டி, பாதி எட்டிலேயே அவன் சாக்கடைக்குள் போனான்.

"காலை ஊனிட்டியே தம்பி" என்றார் ரசாக் வருத்தத்தோடு. "மறுபடி போடு."

மூன்றாம் சுற்றில் இருவருக்குமே கண் தெரியவில்லை. மூச்சுச் சத்தம் வந்த திசையில் பாய்ந்த கார்மேகம் ஒரு கழுத்தை வளைத்து இறுக்கினான். அது ரசாக்கின் கழுத்து. ஸ்டீபன் உதைத்த உதையில் சின்னப்பன் நாற்காலியோடு போனார். கடைசி வரை தன்னை உதைத்தது யார் என்று அவர் பார்க்கவில்லை. வைத்தியர் மட்டும் மூலையில் குனிந்து அடுத்த பத்தை அரைத்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்ததும் ரசாக் கழுத்தைத் தடவியபடி தீர்ப்பை ஆரம்பித்தார்.

"இந்தச் சுத்துல அடியே படாதவர் வைத்தியரய்யாதான். அவர்தான் ஜெயிச்சார்."

"நான் சண்டையே போடலையே!"

"அதுக்குப் பேருதான்யா தற்காப்பு."

"அப்ப ஆளுக்கு ஒரு சுத்து. மூணு பேரும் சமம்" என்றார் சின்னப்பன், கண்ணைத் திறக்காமலே. "கூண்டு யாரு கையில இருந்துச்சு?"

வைத்தியர் சட்டைப்பையைத் தடவினார். கூண்டின் பூட்டுச் சாவி அங்கேதான் இருந்தது. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

கார்மேகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஊராரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அவனை வைத்தியருக்குப் பயிற்சியாளராக நியமித்தார்கள். வைத்தியர் மாநிலப் போட்டியில் ஒரே ஒரு சண்டை ஜெயித்தால்கூடப் போதும், மாவு மில் பேச்சை விட்டுவிடுவதாக மச்சானும் இறங்கிவந்தார்.

ஐம்பத்தெட்டு வயதானாலும் எடை சரியாக இருந்ததால் அங்கே வைத்தியரை யாரும் ஆட்சேபிக்கவில்லை. அதிர்ஷ்டமும் அவர் பக்கம்தான். எதிராளி கூண்டுப் படியேறும்போதே கால் பிசகி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். ஒரு தள்ளு தள்ளினால் விழுந்துவிடுவான். வைத்தியரோ இரண்டு கைகளையும் தொங்கப்போட்டு நின்றார். முகத்தில் ஒரு குத்து விழுந்தால் எல்லாம் போச்சு.

"கையைத் தூக்குங்க ஐயா!" என்று தொண்டை கிழியக் கத்தினான் கார்மேகம். "கையைத் தூக்குங்க!"

வைத்தியர் புரிந்தது என்று தலையாட்டினார். நேராக எதிராளியிடம் போனார். அவன் கையைப் பிடித்து உயரத் தூக்கி, நாலு பக்கமும் கூட்டத்துக்குக் காட்டினார்.