நெய்யில்லா அக்காரவடிசல்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் வயிறு நிறைந்துவிட்டால் அவருக்கு யோசனை வந்துவிடும்.

ஒருநாள் அக்காரவடிசலை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அரிசி, பால், வெல்லம், நெய் இந்த நான்கும் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

மடைப்பள்ளி அதிகாரி பூவராகர் முந்திக்கொண்டார். சபை விகடகவி தீத்தாரப்பனின் பேச்சுக்கு ராஜா சிரிப்பதைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "தீத்தாரப்பனால் ஆகாததா, மகாராஜா? தன் வீட்டில் சமைத்து நாளை கொண்டுவரட்டும். அக்காரவடிசல் ஆகாவிட்டால் ஊரைவிட்டுப் போகட்டும்."

தூக்கக் கலக்கத்தில் ராஜா தலையாட்டிவிட்டார்.

தீத்தாரப்பன் கலங்கிப்போய் வீடு திரும்பினான். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு ஏழாம் மாதம். இந்த நேரத்தில் அவளை விட்டுவிட்டு எங்கே போவது?

விஷயத்தைக் கேட்ட மனைவி செண்பகம் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அரிசிக்குக் குதிரைவாலி போடுவோம். வெல்லத்துக்குக் கருப்பட்டி. பாலுக்குத் தேங்காய்ப்பால். பாசிப்பருப்பை வேண்டாம்னு சொல்லலையே?"

"சொல்லலை. நெய்க்கு?"

"அதான் தெரியல. செஞ்சு பாப்போம், தேங்காயைத் துருவுங்க."

முதல் பானையில் தேங்காய்ப்பால் கொதித்துத் திரிந்துபோனது. இரண்டாவதில் கருப்பட்டியிலிருந்த மண் பல்லில் கடிபட்டது. மூன்றாவதில் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றினார்கள். நெய்க்குப் பதில், தேங்காய் எண்ணெயில் சிவக்க வறுத்த தேங்காய்ப் பல். செண்பகம் ஒரு வாய் போட்டுப் பார்த்தாள்.

"என்ன சொல்ற?"

"நல்லாத்தான் இருக்கு. அவங்க ஒத்துக்கணுமே" என்றாள். அந்தக் கவலைதான் அவனுக்கும்.

மறுநாள் சபையில், செண்பகத்தின் கைப்பக்குவம் என்று சொல்லித் தீத்தாரப்பன் நீட்டியதை ராஜாவும் ராணியும் சுவைத்தார்கள். ராஜா இன்னொரு கரண்டி கேட்டார். பூவராகர் தொண்டையைச் செருமினார்.

"சுவையை மறுக்கவில்லை, மகாராஜா. ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்தால் அது அசல் ஆகாது. இது வேறு ஏதோ பண்டம்."

"அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே" என்றார் ராஜா, மனமில்லாமல்.

தீத்தாரப்பன் பூவராகரைப் பார்த்துக் கேட்டான். "இந்த நியாயம் சோற்றுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா?"

"எல்லாவற்றுக்கும்தான்."

"அப்படியானால் நான் ஊரைவிட்டுப் போகிறேன், மகாராஜா. போகுமுன் அரண்மனை வாசலில் கல்யாணப் பந்தற்கால் நட்டுவிட்டுப் போகிறேன். தங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே."

சபையில் எல்லாரும் ராணியைத் திரும்பிப் பார்த்தார்கள். தீத்தாரப்பன் தொடர்ந்தான்.

"தாங்கள் போர்முனையில் இருந்தபோது முகூர்த்தம் வந்தது. தங்களுக்குப் பதிலாக மணையில் இருந்தது தங்கள் உடைவாள். மகாராணியார் மாலையிட்டதும் அதற்குத்தான். வாளைப் பல்லக்கில் கொண்டுபோனவரும் இதோ, பூவராகர்தான்."

பூவராகர் பதறி எழுந்தார். "ஆகும், மகாராஜா, பதிலுக்கு வைத்ததும் அசல்தான். இது அக்காரவடிசலேதான்" என்று உளறிக் கொட்டினார்.

ராஜா சிரிக்க வாய் திறந்தார். அதற்குள் ராணி மெல்லச் சொன்னார்: "மூன்று நாள் கல்யாணத்திலும் அந்த வாளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இதுவே போதும் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். போதவில்லை."

ராஜாவுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. ராணியையே பார்த்தார். தீத்தாரப்பனுக்கோ, ஏன் இந்தப் பேச்சை எடுத்தோம் என்று ஆகிவிட்டது.

கடைசியில் ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். "இது செண்பகத்துக்கு. அக்காரவடிசலுக்குப் பதில் வைக்கலாம். புருஷனுக்கு வைக்கக் கூடாது. பூவராகரே, நீரே போய்ப் பந்தற்கால் நடும். இந்தத் தடவை மணையில் நான் உட்காருகிறேன்." பிறகு ராணியின் பக்கம் திரும்பினார். "உனக்குச் சம்மதம்தானே?"

"அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை" என்றார் ராணி. "இன்றைக்குக் கேட்டிருக்கிறீர்கள். யோசித்துச் சொல்கிறேன்."

ராஜா அன்று சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது.