சிப்பிப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் வந்த கதை

அந்தக் காலத்தில் ஆற்றுக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் பேச்சு இருந்தது. மீன் பேசும், நண்டு பேசும், நத்தைகூட நேரம் எடுத்துக்கொண்டு பேசி முடிக்கும். கல்யாணம், காட்சி, சீர், சண்டை என்று நம்மைப் போலத்தான் அவையும் குடும்பம் நடத்தின.

மலையில் பிறந்து கடலுக்குப் போகிற ஒரு ஆற்றில், மருத மரங்கள் நிழல் விழுத்துகிற ஆழமான மடு ஒன்று இருந்தது. அந்த மடுவுக்கு அக்காள் தங்கை இரண்டு சிப்பிகள் வாழ்க்கைப்பட்டு வந்தார்கள். மூத்தவள் வெள்ளையம்மாள். அகலமான, மெல்லிய ஓடு. வெயில் பட்டால் பளபளப்பு கரை வரைக்கும் தெரியும். இளையவள் கருப்பாயி. பெயருக்கு ஏற்ற கறுப்பு ஓடு, நல்ல கனம், மேலே எப்போதும் கொஞ்சம் பாசி. அவர்கள் வீட்டுக்காரர்கள் இருவரும் வாய் திறக்காத ஆட்கள். அவர்களால் இந்தக் கதைக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

இரண்டு பெண்களுக்கும் நடுவில் பிறந்தவன் செவ்வாலன் என்கிற கெண்டை. சிப்பிக்கு மீன் எப்படி உடன்பிறப்பு ஆகும் என்று கேட்கவேண்டாம். ஆற்றில் பிறந்தவர்கள் எல்லாரும் அப்போது ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவளுக்கு அவன் தம்பி, இளையவளுக்கு அண்ணன். தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகு அவன் மேலே, மலையடிவாரத்துச் சுனையில் இருந்த அம்மா வீட்டுக்கே போய்விட்டான்.

சகோதரிகள் இருவருக்கும் ஒரே குறை. பிள்ளை தங்கவில்லை. சிப்பிப் பிள்ளை என்றால் கேழ்வரகு மாவைவிடப் பொடி. தாய் ஓட்டைத் திறந்தால் புகை மாதிரி வெளியே வரும். அவை வெளியே வருகிற சமயம் பார்த்து மேலேயிருந்து புது வெள்ளம் வரும். பெரியவர்கள் மருத வேரைக் கவ்விக்கொண்டு தப்பித்துவிடுவார்கள். பிள்ளைகள் எதைக் கவ்வும்? வெள்ளம் அப்படியே அள்ளிக்கொண்டு போய்க் கடலில் கொட்டிவிடும். உப்புத் தண்ணீர் பட்டால் அத்தோடு சரி. வருஷா வருஷம் இதே கதைதான்.

வெள்ளையம்மாள் இதற்கு அழுவாள், ஆற்றைத் திட்டுவாள், மடுவைத் திட்டுவாள். கருப்பாயி விடிகிற நேரத்தில் ஓட்டைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு கும்பிடுவாள். அவள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"ஆண்டவனே, பக்கத்துலயே வச்சுக்கணும்னு நான் கேக்கல. எங்கயாவது இருந்தாப் போதும்."

அந்த ஆற்றில் ஒரு வழக்கம் உண்டு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தின பிள்ளையை வெள்ளம் தொடாது. நண்டு வைரவன்தான் எல்லார் வீட்டுக்கும் காது குத்துகிறவன். மாமன் சீர் கொண்டுவந்து வாசலில் வைக்கவேண்டும், அப்புறம்தான் மடி போட்டு உட்காரலாம். இவர்கள் வீட்டில் அது நடந்ததே இல்லை. மலைக்குச் சேதி போய், மாமன் கிளம்பி வருவதற்குள் வெள்ளம் முந்திக்கொள்ளும்.

அந்த வருஷம் கருப்பாயிக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைகள் வயிற்றில் இருக்கும்போதே சேதி சொல்லிவிட்டால் என்ன? மீன்கொத்தியிடம் சொல்லி அனுப்பலாம் என்றாள் வெள்ளையம்மாள்.

"நல்லா இருக்கு! சேதியைச் சொல்லிட்டு அண்ணனையும் தூக்கிட்டுப் போயிரும்," என்றாள் கருப்பாயி. கடைசியில் தட்டானை அனுப்பினார்கள்.

தட்டான் போன நாளிலிருந்து வெள்ளையம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து வீட்டு நத்தைக்காரி தன் பிள்ளைக்குக் காது குத்தியபோது, அவள் அண்ணன் ஒரு தாமரை இலை நிறையச் சீர் கொண்டுவந்திருந்தான். அதை அவள் ஒரு மழைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்போது வெள்ளையம்மாளின் முறை.

"என் தம்பி மலையில இருக்கான். மலைத்தேன் வரும், நெல்லிக்கா வரும், நாவப்பழம் வரும். நீ உன் தாமரை எலையை மடிச்சு வச்சுக்கோ," என்று நத்தைக்காரியிடம் சொன்னாள். அதோடு நிற்காமல் மடு முழுக்கச் சொல்லி வைத்தாள்.

செவ்வாலன் வந்தான். எப்படி வந்தான் என்றால், வாலில் ஒரு கிழிசல், விலாப் பக்கம் செதில் போய்ச் சிவந்திருந்தது, மூச்சு வாங்கியது. மருத வேர் ஓரமாக ஆற்றுக்குருவி, தவளை, நத்தைக்கூட்டம் எல்லாம் வேடிக்கை பார்க்க நின்றன. நண்டு வைரவன் இரண்டு கொடுக்கையும் தீட்டிக்கொண்டு தயாராக இருந்தான்.

"வாடா தம்பி," என்றாள் வெள்ளையம்மாள். அவள் கண் அவன் பின்னால் தேடியது. "சீர் பின்னால வருதா?"

"அக்கா, தேக்கிலை மூட்டை ஒண்ணு கட்டித்தான் கொண்டுவந்தேன். தேனடையும் இருந்துச்சு, நெல்லிக்காயும் இருந்துச்சு. பாறைச் சரிவுல நீர்நாய் தொரத்திருச்சு. மூட்டையா உசுரான்னு ஆயிப்போச்சு."

"சரி. என்னதான் மிச்சம்?"

செவ்வாலன் வாயைத் திறந்தான். நாக்குக்கு அடியில் இரண்டு மணல். சாதாரண மணல். சுனையில் கிடக்கிற வெள்ளை மணல்.

"நம்ம அம்மா வீட்டு மணலு. ஆளுக்கு ஒண்ணு," என்றான்.

நத்தைக்காரிக்குச் சிரிப்பு வர நேரம் ஆகும். ஆனால் வந்தால் நிற்காது. "யாத்தே! தூக்குறதுக்கு ஆளு வேணுமா, வண்டி கட்டணுமா?" என்றாள்.

வெள்ளையம்மாளின் ஓடு முழுக்க நடுங்கியது. "ஆத்துல மணலா இல்ல? மணல் மேலதானேடா நாங்க படுத்துக் கெடக்கோம்! அதைக் கொண்டுவந்து என் வாசல்ல வைப்பியா? மூஞ்சியில முழிக்காத, போ."

"அக்கா..."

"சீரோட வா. அப்ப அக்கான்னு கூப்புடு."

சடாரென்று ஓட்டை மூடிக்கொண்டாள். சிப்பி மூடினால் யார் திறக்க முடியும்? உள்ளே அவள் பிள்ளைகளும் அவளோடு இருந்தன.

செவ்வாலன் அங்கேயே நின்றான். கருப்பாயிக்கும் ஏமாற்றம் இல்லாமல் இல்லை. அவளும் பெண்தானே, நாலு பேர் முன்னால் அண்ணன் நிறைந்த கையோடு வந்தால் அவளுக்கும் பெருமைதான். ஆனால் அவள் பார்த்தது அவன் விலாவை. செதில் போன இடத்தில் தண்ணீர் படும்போதெல்லாம் அவன் உடம்பு சுருங்கியது.

"எனக்குக் கொண்டுவந்தத எங்கிட்ட குடு அண்ணே," என்று ஓட்டைத் திறந்தாள். மணலை அவன் உள்ளே வைத்தான். சிப்பிக்கு உள்ளே இருப்பது வெறும் சதை. மணல் குத்தியது. அவள் முகம் மாறாமல் வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் நண்டு வைரவன் தொண்டையைச் செருமினான். "எல்லாம் சரி. புள்ளையை எங்கே உக்கார வைக்கிறது? மீனுக்கு ஏது மடி?"

இதை ஒருவரும் யோசித்திருக்கவில்லை. தவளைக்கு மடி உண்டு, நத்தைக்கு மடி மாதிரி ஏதோ ஒன்று உண்டு. கெண்டைக்கு எங்கே இருக்கிறது? அவன் குனிந்து பார்த்தான், வளைந்து பார்த்தான். கூட்டம் சிரித்தது. மேலே, எங்கோ தூரத்தில், மாட்டுக் கூட்டம் ஓடி வருகிற மாதிரி ஒரு இரைச்சல் கேட்டது. எல்லாருக்கும் சிரிப்பு நின்றது. அது புது வெள்ளம்.

வைரவன் கொடுக்கை மடக்கிக்கொண்டு வளைக்கு ஓடினான். "உசுரோட இருந்தா காது அப்புறம் குத்திக்கலாம்!"

செவ்வாலன் தங்கையின் பக்கம் திரும்பி வலது பக்கத்துச் செவுளைத் தூக்கினான். உள்ளே சிவப்பாக, மெத்தை மெத்தையாக, மடிப்பு மடிப்பாக இருந்தது.

"மடி இல்லாட்டி என்ன, இது இருக்கு. புள்ளைங்கள இதுல ஏத்திவிடு."

"அது நீ மூச்சு விடுற எடம் அண்ணே."

"கொஞ்சமா விட்டுக்கிறேன்."

"எங்க கொண்டு போவ?"

"வெள்ளத்துக்கு எதுத்தாப்புல. மேலே. அவங்க கால் ஊனி நிக்கிற மட்டும் வச்சுக்குவேன். அப்புறம் எந்த மணல் புடிக்குதோ அங்க எறங்குவாங்க. அது எந்த எடம்னு என்னால இப்பச் சொல்ல முடியாது கருப்பாயி."

அதாவது, திரும்பக் கொண்டுவந்து தருவேன் என்று அவன் சொல்லவில்லை.

மூடின ஓட்டுக்குள்ளிருந்து வெள்ளையம்மாளின் குரல் வந்தது. "ஏய், குடுக்காதடி! புழுவைப் பார்த்தா வாயைத் தொறக்கிறவன் அவன். நாளைக்கே எவன் தூண்டில்லயாவது தொங்குவான். புள்ளைங்களும் சேர்ந்து தொங்கும்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. கருப்பாயிக்கு அது தெரியும். மடியில் வைத்துக்கொண்டால் கடலுக்குப் போகும். கொடுத்தால் எங்கே போகும் என்று தெரியாது. இரைச்சல் மருத மரத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் கலங்கத் தொடங்கியது. விடியற்காலையில் தினமும் என்ன கேட்டோம் என்பது அப்போது அவள் நினைவுக்கு வந்தது. எங்கயாவது இருந்தாப் போதும் என்றுதானே?

ஓட்டை இதுவரை திறக்காத அளவுக்குத் திறந்தாள். ஒரே மூச்சாக ஊதினாள். பிள்ளைகள் புகை போலப் போய்ச் செவுளுக்குள் விழுந்தன. விழுந்ததும் பல்லால் கவ்விக்கொண்டன.

"ஐயோ! கடிக்குதுங்களே!" என்று துள்ளினான் செவ்வாலன்.

"தாய்மாமனைக் கடிக்காம யாரைக் கடிக்கும்? பொறுத்துக்கோ அண்ணே!" என்று கத்தினாள் கருப்பாயி. அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு.

அவன் உடனே போகவில்லை. வெள்ளையம்மாளின் வாசலுக்குப் போய் மூக்கால் தட்டி, இடது பக்கத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினான். "அக்கா, இந்தப் பக்கம் காலியா இருக்கு. குடு அக்கா."

"சீர் எங்க?" என்றது உள்ளேயிருந்து.

"அக்கா, தண்ணி வந்திருச்சு, தொற!" என்றாள் கருப்பாயி.

"அவன் சீரோட வரட்டும்."

வெள்ளம் வந்து அவனைப் புரட்டியது. அவன் அதை எதிர்த்து மேலே ஏறிப் போனான். இடது செவுள் காலியாகவே போனது.

வெள்ளையம்மாள் எத்தனை நேரம் மூடிக்கொண்டிருப்பாள்? பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியது. அவள் திறந்தபோது வெள்ளம் வாசலிலேயே நின்றது. அவளுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கருப்பாயி இந்தத் தடவை வேரைக் கவ்வவில்லை. அண்ணன் திரும்பி வந்தால் அதே இடத்தில் தன்னைத் தேடுவானே என்று, நாக்கு மாதிரி இருந்த தன் சதையை மணலுக்குள் இறக்கி, உடம்பில் பாதியைப் புதைத்துக்கொண்டு நின்றாள். வெள்ளம் தலைக்கு மேலே போனது.

தண்ணீர் வடிந்த பிறகும் அவள் இடம் மாறவில்லை. உள்ளே மணல் உறுத்திக்கொண்டே இருந்தது. துப்பிவிடு என்று நத்தைக்காரி சொன்னாள். அம்மா வீட்டுச் சீரை யாராவது துப்புவார்களா? குத்தும்போதெல்லாம் பிள்ளைகள் நினைவு வரும். தன் எச்சிலை எடுத்து அதன் மேல் பூசுவாள். மறுபடி குத்தும், மறுபடி பூசுவாள். அப்படியே அந்த மணல் கூர் மழுங்கி, உருண்டு, உள்ளுக்குள் நிலவு மாதிரி ஆகிவிட்டது. அதை அவள் யாருக்கும் திறந்து காட்டவில்லை.

மறு வருஷம் மழைக்கு முன்னால் செவ்வாலன் வந்தான். வலது செவுள் காலி.

"எறங்கிட்டாங்க," என்றான்.

"எல்லாருமா?"

"எல்லாரும்னு சொல்ல மாட்டேன். வழியில கொஞ்சம் போச்சு. மிச்சம் பேரு மேல் ஆத்துல, நல்ல மணலாப் பார்த்து நிக்கிறாங்க. ஒருத்தி மட்டும் விடிகாலையில ஓட்டைக் கொஞ்சமாத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கிறா. என்னடீன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறா."

கருப்பாயி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மேலே போய்ப் பார்க்க அவளால் முடியாது, கீழே வர அவர்களால் முடியாது. ஆனால் கொஞ்ச நாளாகவே ஒரு விஷயத்தை அவள் கவனித்திருந்தாள். மடுவுக்கு வருகிற தண்ணீர் முன்பு மாதிரி இல்லை. கலங்கல் குறைந்திருந்தது, கசப்பு இல்லை. யாரோ மேலே உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துக் குடித்து, வடிகட்டிக் கீழே விடுகிறார்கள். அது யார் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அன்றைக்கு அந்தத் தண்ணீரை அவள் வாய் நிறையக் குடித்தாள்.

அந்த வருஷப் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டாள். செவ்வாலன் அக்காள் வாசலில் மூக்கால் தட்டி, இடது செவுளைத் தூக்கிக்கொண்டு நின்றான். "சீர் எங்க?" என்றது உள்ளே. அதற்கு அடுத்த வருஷமும் அதே குரல்தான் வந்தது, கொஞ்சம் மெல்ல. பல வருஷம் இப்படிப் போனது. ஒரு வருஷம் அவன் தட்டியபோது குரல் வரவில்லை. ஓடு திறந்துதான் இருந்தது. இரண்டு பக்கமும் அகல விரிந்து, உள்ளே மணல் ஏறிக் கிடந்தது. வருகிறவர்கள் எல்லாரும் உள்ளே போகலாம் என்பது போல இருந்தது அந்த வாசல்.

அந்த வருஷம்தான் செவ்வாலன் தங்கையின் பிள்ளைகளை இரண்டு செவுளிலும் ஏற்றிக்கொண்டு போனான்.

வெள்ளையம்மாளின் வழியில் பிறகு யாரும் இல்லை. ஆற்று மணலைத் தோண்டினால் அவள் இனத்து மெல்லிய வெள்ளை ஓடு கிடைக்கும், எல்லாம் விரிந்தபடி. உயிருள்ளதாக ஒன்று இதுவரை யாருக்கும் அகப்பட்டதில்லை. கருப்பாயியின் வழி இன்றைக்கும் மணலில் பாதி புதைந்து, ஓட்டைக் கொஞ்சமாகத் திறந்து நிற்கிறது. முத்து அவர்களிடம்தான், அதுவும் எப்போதாவது ஒருத்தியிடம்தான் இருக்கிறது. மீன் போகாத ஆற்றில் சிப்பி தங்குவதில்லை.

ஆற்றங்கரை வீடுகளில் கெண்டை வாங்கினால் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். பொடிப் பொடியாக வெள்ளையாக ஒட்டியிருந்து, மீனுக்கும் இன்னும் உயிர் இருந்தால், குழம்பு வேண்டாம் என்று கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிடுவார்கள். "மருமக்களோட போறான், போகட்டும்," என்பார்கள். செவ்வாலன் செவுளைத் தூக்கிக் காட்டிய அந்த மழைக்காலத்தில் தொடங்கியதுதான் இந்தப் பழக்கமும்.