மூன்று டிஸ்கும் தேறின

மேலப்பாளையத்தில் ஒரு மாடி வீட்டில் செய்யது பாத்திமா என்று ஒருத்தி இருந்தாள். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளுக்குச் சர்வர் கட்டிக் கொடுப்பது அவள் வேலை. சர்வர் என்றால் ஏதோ பெரிய சங்கதி என்று நினைக்க வேண்டாம். ரொட்டி டின் அளவுக்கு ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு மூன்று ஹார்ட் டிஸ்க், அவ்வளவுதான். துபாயிலிருந்து வந்த குரல், பிள்ளை முதன்முதலில் நடந்த படம், கல்யாண வீடியோ எல்லாம் அதற்குள் கிடக்கும். ஒரு டிஸ்க் செத்துப்போனால் இன்னொன்று அதையே வைத்திருக்கும். வீட்டுப் பேச்சு வீட்டோடு.

அவளுக்கு வயது நாற்பதுதான். ஆனாலும் படிக்க வருகிறவர்கள் எல்லாரும் வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அவளிடம் தளவாய் வந்தார். நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். தலை முழுக்க நரை.

"எனக்கு இந்த வேலையைச் சொல்லித் தரணும்."

"எதுக்கு அண்ணாச்சி? என்ன வேணும்னு சொல்லுங்க. நானே கட்டித் தாரேன்."

"இல்லம்மா. இது என் கையால கட்டணும்."

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்து அவர் முன்னால் கொட்டினாள். பழைய கேபிள்கள், ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

"சிக்கெடுங்க. ஒண்ணுகூட அறுபடக் கூடாது."

தளவாய் மூலையில் உட்கார்ந்தார். சாயங்காலம் எழுந்திருக்கும்போது எல்லாக் கேபிளையும் தனித்தனியாகச் சுருட்டி வைத்திருந்தார்.

"மில்லுல இதைவிட மோசமான சிக்கெல்லாம் பாத்தாச்சு," என்றார்.

"உங்களுக்கு முன்னால ஒரு ஆள் வந்தான். வந்ததும் கத்திரிக்கோல் கேட்டான்," என்றாள் அவள். "நீங்க இருங்க."

மறுநாள் தளவாய் மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டணத்தை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு பழைய டிஸ்க்.

"இதுல என் வீட்டுக்காரி இருக்கா."

வாத்தியாரம்மா அவரையே பார்த்தாள்.

"உயிரோடதான் இருக்கா," என்றார் தளவாய். "பேச்சுதான் போயிட்டு. தொண்டையில கட்டி. குரல்வளையை எடுத்தாத்தான் பிழைப்பான்னு டாக்டர் சொன்னாரு. 'எடுத்துட்டா பேச்சு வராது, சரியாம்மா'ன்னு கேட்டாரு. என் உலகம்மா உடனே சரின்னு சொல்லல. 'ஒரு வாரம் தாங்க'ன்னுட்டா."

"ஒரு வாரம் எதுக்கு?"

"மக அப்போ மாசமா இருந்தா. பிறக்கப்போற பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் என் போன்ல சொன்னா. ஒரு வாரமும் பேசிக்கிட்டே இருந்தா. கதை, தாலாட்டு, யாரை எப்படிக் கூப்பிடணும், எவன் வீட்டுல கை நனைக்கக் கூடாது, எல்லாம். பேசி முடிச்சுட்டுப் போய் டாக்டர்கிட்ட 'சரி'ன்னா. அதான் அவ கடைசியாப் பேசினது."

"அந்த போன்?"

"தண்ணித் தொட்டியில விழுந்து செத்துப்போச்சு. நல்ல வேளை, அதுக்கு முன்னாலயே இதுல ஏத்தி வச்சிருந்தேன். இது ஒண்ணுதான் இருக்கு."

அவள் டிஸ்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். ஒரு குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு, நிறைய அதட்டல்.

"ஏட்டி, நான் உன் ஆச்சி பேசுதேன். ஆம்பிளைப் பிள்ளையாப் பிறந்திருந்தா ஏலேன்னு வச்சுக்கோ. உங்க தாத்தன் ஒரு வெள்ளந்தி. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிட்டு வந்துருவாரு. நீ அப்படி இருக்காதே, கேட்டியா?"

தளவாய் வெட்கப்பட்டுச் சிரித்தார். வாத்தியாரம்மா சிரிக்கவில்லை. மெதுவாக டிஸ்கைக் கழற்றித் துணியில் சுற்றினாள்.

"வாத்தியாரம்மா, இப்போதைக்கு இதை உங்க பெட்டியில ஒரு பிரதி போட்டு வைக்கலாமா?"

"ஒரு வீட்டுக் குரலை இன்னொரு வீட்டுப் பெட்டியில நான் வைக்கிறதில்ல, அண்ணாச்சி. இந்தத் தெருவுல என்னை நம்புறாங்கன்னா அதுக்காகத்தான். உங்களுக்குப் புது டிஸ்க் வரட்டும்."

இரண்டு புது டிஸ்க் வந்தன. தளவாய் உறையைப் பிரித்த கையோடு பெட்டிக்குள் மாட்டப் போனார்.

"நில்லுங்க. சோதிக்காம எதையும் சேக்கக் கூடாது."

"புதுசுதானே?"

"புதுசுதான் பயம். பழசாவது இத்தனை நாள் ஓடிக் காட்டியிருக்கு. இது என்னத்தைக் காட்டியிருக்கு? பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி சட்டைதான் பளபளன்னு இருக்கு."

"எப்படிச் சோதிக்க?"

"தலைமாட்டிலேருந்து கால்மாடு வரை எழுதணும். எழுதினதை வாசிச்சுப் பாக்கணும். நாலு தடவை. நாள் கணக்கா ஓடும். சாகிறது அதுக்குள்ளேயே செத்துரும்."

தளவாய் தலையாட்டினார். "மில்லுலயும் அப்படித்தான். ஒரு முழம் நூலை உருவி, மிஷின்ல மாட்டி இழுப்போம். எவ்வளவு தாங்குதுன்னு அறுத்துத்தான் பாக்க முடியும். அறுந்தது கழிவுக்குப் போயிரும்."

"இதுல ஒண்ணும் அறுபடாது, அண்ணாச்சி. தேறினதை அப்படியே எடுத்துச் சேத்துக்கலாம்."

அவர் கட்டளையை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். திரையில் ஒரு வரி இங்கிலீஷ் வந்து நின்றது.

"என்னமோ கேக்குதே. ஏன் கேக்குது?"

வாத்தியாரம்மா அப்போது போனில் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். காதிலிருந்து போனை எடுக்காமலே சொன்னாள்.

"அது எப்பவும் கேக்கிறதுதான். ஒய் அடிங்க."

"ஒய்னா?"

"ஆமான்னு அர்த்தம். அடிங்க."

அடித்தார். டிஸ்க் கர்ரென்று ஓடத் தொடங்கியது.

முதல் டிஸ்க் தேறியது. இரண்டாவது பாதியிலேயே டக் டக் என்றது. திரையில் பழுதுக் கணக்கு ஏறிக்கொண்டே போனது.

"பாத்தீங்களா?" என்றாள் வாத்தியாரம்மா. "தேறலைன்னா அதுக்குச் சமாதானம் சொல்லக் கூடாது. பாவம் பாக்கக் கூடாது. திருப்பி அனுப்பிரணும்."

தளவாய் அந்தத் திரையையே பார்த்தார். "இதுல போட்டிருந்தா அவ குரல் போயிருக்குமே."

"அதான் சோதிக்கிறது."

கடைக்காரன் வேறு டிஸ்க் அனுப்பினான். அதற்கும் தளவாய்தான் கட்டளை தட்டினார். திரை கேட்டது. அவர் வாத்தியாரம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒய் அடித்தார். அதுவும் தேறியது.

அதற்குப் பிறகு அவருக்கு அது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. மற்ற வீடுகளுக்கு வந்த டிஸ்கையெல்லாம் "குடுங்க, நான் அடிச்சுப் பாக்கேன்" என்று வாங்கிக்கொண்டார். கட்டளை, கேள்வி, ஒய். கை தானாகப் போனது.

"அண்ணாச்சி சோதிச்சா அப்பீலே கிடையாது," என்று வாத்தியாரம்மாவே எல்லாரிடமும் சொன்னாள்.

ஒரு நாள் அவள் சொன்னாள்: "உங்க பெட்டி தயார். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. இனி நான் வேண்டாம். அவங்க பேச்சை நீங்களே அதுல ஏத்திருவீங்க."

தளவாய் பெட்டியைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். படியேறும்போதே குரல் கொடுத்தார்.

"வாத்தியாரம்மா! மூணும் தேறிட்டு!"

"மூணா? ரெண்டுதானே?"

"பழசையும் சும்மா போடுவானேன்னு பெட்டியில மூணாவதாச் சேத்துரலாம்னு பாத்தேன். சோதிக்காம எதையும் சேக்கக் கூடாதுல்லா? நாலு தடவையும் ஓட விட்டேன். ஒரு பழுது கிடையாது, கேட்டீங்களா. அந்தக் காலத்து டிஸ்க், இரும்பு மாதிரி!"

வாத்தியாரம்மா அல்வாப் பொட்டலத்தை வாங்கவில்லை.

"அதுல உள்ளதை எப்போ எடுத்தீங்க?"

"எதை?"

"அவங்க பேச்சை. புது டிஸ்க்ல எப்போ ஏத்துனீங்க?"

"இனிமேதான். தேறாத டிஸ்க்லேருந்து எடுத்தா நல்லாவா இருக்கும்? இப்போதான் தேறிட்டுல்லா, இனி எடுக்கணும்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. எப்பவும் கேக்கிறதுதானே."

"என்ன கேட்டுச்சு தெரியுமா?"

தெரியாது என்று தளவாய் தலையை ஆட்டினார்.

"'உள்ளே இருக்கிறது பூராவும் அழிஞ்சுரும், சரியா'ன்னு கேட்டுச்சு."

பொட்டலத்தின் எண்ணெய் அவர் விரல் வழியாக வடிந்தது. அவர் துடைக்கவில்லை.

தளவாய் மெதுவாகக் கேட்டார். "மீட்டு எடுக்கலாம்லா? அழிஞ்சதையெல்லாம் நீங்க எடுத்துக் குடுத்திருக்கீங்களே."

"அழிச்சதை எடுக்கலாம். மேல நாலு தடவை எழுதினதை எடுக்க முடியாது."

"பாருங்களேன். ஒரு தடவை பாருங்களேன்."

அவருக்காகப் பார்த்தாள். வெயில் சுவரில் ஏறி இறங்கும்வரை பார்த்தாள். டிஸ்க் அருமையாக ஓடியது. உள்ளே ஒரு மூச்சுக்கூட இல்லை.

இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துத் தளவாய் வீட்டுக்குப் போனார்கள்.

உலகம்மாள் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் சின்ன வெள்ளைத் துணி. பேச்சு போனதிலிருந்து அவள் விரலால் தட்டித்தான் பதில் சொல்வாள். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை.

வாத்தியாரம்மாதான் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"மதினி, நீங்க பேசி வச்சது அழிஞ்சு போச்சு. எல்லாம் போச்சு. இனி வராது."

உலகம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவள் விரல் பிள்ளையின் தொட்டில் கட்டையில் இருந்தது.

"உலகு," என்றார் தளவாய். "கோவமா இருக்கியா? தட்டு."

விரல் அசையவில்லை.

"ஒண்ணாவது தட்டு. ரெண்டாவது தட்டு. ஏதாவது தட்டேன்."

பிள்ளை சிணுங்கியது. உலகம்மாள் பழைய நினைப்பில் தாலாட்ட வாயைத் திறந்தாள். கழுத்துத் துணி லேசாகப் படபடத்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு பிள்ளையின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவர்கள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

வாத்தியாரம்மா எழுந்து வெளியே வந்தாள். தளவாய் பின்னாலேயே வந்தார். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவளிடம் அவர் வெடித்தார்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்? நீங்க சொன்னதுல ஒண்ணு குறைச்சேனா? ஒண்ணு கூட்டினேனா? சோதிக்காம எதையும் சேக்காதேன்னு சொன்னீங்க. சோதிச்சேன். ஒய் அடின்னு சொன்னீங்க. அடிச்சேன்."

"ஆமா."

"அப்போ இது யாரு தப்பு?"

அவள் செருப்பை மாட்டாமல் நிமிர்ந்தாள்.

"முதல் டிஸ்க் போட்ட அன்னைக்கே நீங்க கேட்டீங்க, அண்ணாச்சி. அது ஏன் கேக்குதுன்னு."

"கேட்டேன்."

"நான் பதில் சொல்லாம ஒய் அடிங்கன்னேன். நான் தேறல."

தளவாய் வாசல் படியில் உட்கார்ந்தார்.

"தேறாததை என்ன செய்யணும்னு உங்களுக்குச் சொல்லியிருந்தேனே," என்றாள் அவள். "என்னை ஏன் வச்சுக்கிட்டீங்க?"